‘எக்கோஸ்’: ஒரு நெடும்பாட்டின் வரலாறு

சென்ற ஆண்டு உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் கையால் எழுதிய தாள் ஒன்றை எம்மிடம் நீட்டினார். ஆங்கிலப் பாட்டொன்றின் சொற்கள் அதில் இருந்தன. பாடவேளை முடிந்து நாம் வகுப்பறையை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த நேரம். “சேர், இதுக்கு என்ன கருத்து?” என்று கேட்டார். நின்றபடியே வாசித்தோம். வானில் அசையாது நிற்கும் ஒரு கடற்பறவை, கடலடிக் குகைகள், எங்கோ தொலைவிலிருந்து வரும் அலையோசை. பின்பு தெருவிற் சந்திக்கும் இரு அந்நியர். அதன்பின் யன்னல் வழியே புகும் காலை ஒளி. ஒன்றோடொன்று ஒட்டாத படிமங்களாகவே தோன்றின. ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு வழங்கினோம்: மேனாட்டு நடுத்தர வர்க்க இளைஞர் போதை மயக்கத்திற் கண்ட கனவு இது, சமுதாயப் பொருள் எதுவும் இதில் இல்லை. மாணவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “நீங்கள் வாசிச்சிருக்கிறியள் சேர், கேக்கேல்லை” என்றார், போய்விட்டார்.

அவர் சொன்னதன் நியாயம் எமக்குப் பின்னரே விளங்கிற்று. நாம் தமிழ் படிப்பிப்பவர்; சொல்லே எமது தொழில். பாட்டு என்று ஒன்று கையிற் கிடைத்தால் முதலிற் சொல்லைப் பிரித்துப் பொருள் காண்பதே பழக்கம். முற்போக்கு எண்ணமுடையோர் என்ற வகையில் அப்பொருளைச் சமுதாயத் தராசில் நிறுத்துப் பார்ப்பதும் பழக்கம். இவ்விரு பழக்கங்களிலும் தம்மளவிற் பிழையில்லை. ஆயின், இராகம் தானம் பல்லவி பாடும் வித்துவான் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு அதை நெடுநேரம் விரித்துப் பாடும்போது, அவ்வரியிற் சொல்வளம் போதாது என்று சபையில் எவரும் எழுந்து போவதில்லை. திருவிழா இரவில் நாதசுரக்காரர் தோடியை விரிக்கும் வேளையில் ‘இதற்கு என்ன கருத்து’ என்று கேட்பவர் நம் ஊரில் நகைப்புக்கு இடமாவர். நம் இசைக்கு நாம் அளித்துவரும் இந்த உரிமையைப் பிறர் இசைக்கு மறுத்துவிட்டோம். எனவே அன்றிரவு அப்பாட்டைத் தேடிக் கேட்டோம். பின்பு அதன் வரலாற்றையும் தேடிப் படித்தோம். இங்கு வாசகர் முன் வைப்பது அவ்வரலாற்றையே.

பாட்டின் பெயர் ‘எக்கோஸ்’. எதிரொலிகள் என்பது பொருள். இங்கிலாந்தின் ‘பிங்க் புளொயிட்’ என்ற றொக் குழு 1971ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெளியிட்ட ‘மெடில்’ என்னும் இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் முழுவதையும் இந்த ஒரு பாட்டே நிரப்புகிறது. நீளம் 23 நிமிடம் 31 செக்கன். கிற்றார் வாசித்தவர் டேவிட் கில்மோர். பியானோவும் ஓர்கனும் றிச்சட் றைற். பேஸ் கிற்றார் றொஜர் வோட்டர்ஸ். மேளம் நிக் மேசன். சொற்கள் வோட்டர்ஸ் எழுதியவை. இசை நால்வர் பெயரிலும் பதிவாகியுள்ளது. இவ்வகை இசையை மேலைநாட்டார் ‘சைக்கடெலிக்’ என்று அழைப்பர். மனத்தைத் திறந்து காட்டுவது என்ற கருத்தில் 1950களில் ஒரு மனநோய் மருத்துவர் ஆக்கிய சொல் அது. எல்.எஸ்.டி. போன்ற மருந்துகளுக்கு இடப்பட்ட அப்பெயர் அடுத்த பத்தாண்டில் இசைக்கும் ஒட்டிக்கொண்டது. ஒட்டிய பெயரே பின்பு தீர்ப்பாகவும் மாறிற்று. வகுப்பறை வாசலில் நாம் வழங்கிய தீர்ப்பும் பாட்டிலிருந்து எடுத்ததன்று. அந்தப் பெயரிலிருந்து எடுத்தது.

முதலில் நீளத்தை நோக்குவோம். பாட்டு என்றால் மூன்று நிமிடம் என்பது இசையின் இயல்பால் வந்த விதியன்று. நிமிடத்துக்கு 78 தடவை சுற்றும் பழைய தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய அவ்வளவே அடங்கும். தட்டின் அளவே வியாபாரத்தின் அளவாயிற்று. வானொலியும் அதற்கேற்பப் பழகிக்கொண்டது. 1948இல் நிமிடத்துக்கு 33⅓ தடவை சுற்றும் நெடுந்தட்டு சந்தைக்கு வந்தபின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேலும் பதிய முடிந்தது. ஆயினும் நெடுங்காலம் பிரபல இசைக்காரர் அந்த இடத்தைச் சிறு பாட்டுகளாலேயே நிரப்பிவந்தனர். ஒரு பக்கத்தை ஒரே பாட்டுக்குக் கொடுக்கும் துணிவு 1960களின் பிற்பகுதியில்தான் பரவிற்று. அமெரிக்காவின் ‘அயன் பட்டர்பிளை’ குழு 1968இல் வெளியிட்ட 17 நிமிடப் பாட்டொன்று இவ்வகையிற் பெயர் பெற்றது. அதன் தலைப்பு எந்த அகராதியிலும் இல்லாதது. ‘ஏதேன் தோட்டத்தில்’ என்று பொருள்தரும் ஆங்கிலத் தொடர் பாடகரின் நாவிற் குழறியதே தலைப்பாயிற்று என்பர். அதற்கு வக்காலத்து வாங்க நாம் இங்கு வரவில்லை. ஆனால் சொல் சிதைந்தாலும் பாட்டு நிற்கும் என்று இசைக்காரர் நம்பத் தொடங்கிய காலம் அது என்பதை மனங்கொள்ள வேண்டும்.

இக்குழுவினர் யார்? செல்வச் சீமான்களின் பிள்ளைகள் அல்லர். சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகளும் அல்லர். யுத்தத்துக்குப் பிந்திய பிரித்தானியா உருவாக்கிய ஒரு தலைமுறை. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடைநிலைக் கல்வியை இலவசமாக்கிற்று. 1962ஆம் ஆண்டுச் சட்டம், பட்டப் படிப்புக்கு அனுமதி பெற்ற மாணவருக்கு உள்ளூராட்சி சபைகள் உதவிப்பணம் வழங்குவதைக் கட்டாயமாக்கிற்று. தொழில் தேடி ஓட வேண்டிய வயதில் ஓர் இளைஞன் கட்டடக்கலை படித்துக்கொண்டே மாலையிற் கிற்றாரும் பழக இடமளித்தவை இந்தச் சட்டங்களும், அவற்றை வென்றெடுத்த தொழிலாள வர்க்கத்தின் நெடும் போராட்டமுமே. வோட்டர்ஸ், மேசன், றைற் ஆகிய மூவரும் 1962இல் இலண்டன் றீஜன்ற் வீதித் தொழினுட்பக் கல்லூரியிற் கட்டடக்கலை வகுப்பிலேயே சந்தித்தனர். ஓவியக் கல்லூரிகளும் தொழினுட்பக் கல்லூரிகளும் அக்காலத்து ஆங்கில றொக் இசையின் விளைநிலமாக இருந்தமை தற்செயலன்று.

வோட்டர்ஸின் தந்தையைப் பற்றி ஆசிரியராகிய வாசகர் அறிந்திருத்தல் நன்று. எரிக் பிளெச்சர் வோட்டர்ஸ் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். யுத்தத்தின் தொடக்கத்தில், கிறிஸ்தவ மனச்சாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்து, குண்டு விழுந்த இலண்டனில் அம்புலன்ஸ் வண்டி ஓட்டினார். பின்னர் கம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்தார். பாசிசத்தை எதிர்க்க ஆயுதம் ஏந்தியே ஆகவேண்டும் என்ற முடிவுக்கு வந்து படையிற் சேர்ந்தார். 1944 பெப்ரவரியில் இத்தாலியின் அன்சியோப் போர்முனையிற் கொல்லப்பட்டார். மகனுக்கு அப்போது ஐந்து மாதம். தாயாரும் ஆசிரியை, இடதுசாரி. மகன் கேம்பிறிட்ஜில் மாணவனாக இருந்தபோதே அணுவாயுத எதிர்ப்பு இயக்கத்தின் இளைஞர் கிளைக்குத் தலைமை தாங்கினார். ‘சமுதாயப் பொருள் இல்லாதவர்’ என்று நாம் ஐந்து நிமிடத்தில் ஒதுக்கிய மனிதரின் வீட்டுக் கதை இது.

குழுவின் பெயரிலும் ஒரு வரலாறு உண்டு. பிங்க் அண்டர்சன், புளொயிட் கவுன்சில் என்போர் அமெரிக்காவின் கரோலைனா மாநிலங்களைச் சேர்ந்த இரு கறுப்பின புளூஸ் பாடகர். அவ்விருவரின் முற்பெயர்களையும் ஓர் இசைத்தட்டின் குறிப்பிலிருந்து பொறுக்கிச் சேர்த்தவர் சிட் பரெற். குழுவின் முதற் பாடலாசிரியர், ஓவியக் கல்லூரி மாணவர். கரோலைனாக் கலைஞர் இருவரும் முறையே 1974இலும் 1976இலும் காலமாயினர். அவர்களுடைய பெயரைத் தாங்கிய குழு அதற்குள் உலகப் புகழ் பெற்றுவிட்டது. அவர்களுடைய பாட்டை அறிந்தவரோ சிலரே.

1966 டிசெம்பரில் இலண்டன் ரொற்றனம் கோர்ட் வீதியில் ஒரு நிலவறை மண்டபத்தில் தொடங்கிய ‘யுஎஃப்ஓ’ கழகத்தில் இக்குழு பெயர் பெற்றது. வர்ண ஒளிகள், நீண்ட வாசிப்புகள், போதை மருந்துகள் எல்லாம் அங்கு இருந்தன. அவற்றை மறைத்து எழுதுவது வரலாறாகாது. பரெற்றின் மனநிலை 1967இலேயே சிதையத் தொடங்கிற்று; எல்.எஸ்.டி. அதற்கு எவ்வளவு காரணம் என்பது இன்றும் விவாதிக்கப்படுவதே. 1968 ஏப்ரலில் அவர் குழுவை விட்டு நீங்கினார். அவரது இடத்துக்குக் கேம்பிறிட்ஜ் நண்பர் கில்மோர் ஏற்கெனவே வந்திருந்தார். சிறு பாட்டுகளை எழுதவல்ல ஒருவர் போய்விட, எஞ்சியோர் தமக்கு இயன்றதைச் செய்தனர்: நீளமாக வாசித்தனர். நெடும்பாட்டு இவர்களுக்கு ஒரு கொள்கையாக வந்ததன்று. ஒரு நண்பனை இழந்ததால் வந்தது.

இனி, பாட்டு உருவான விதம். 1971 ஜனவரியில் அபி றோட்டிலுள்ள ஈ.எம்.ஐ. ஒலிப்பதிவு நிலையத்துள் நுழைந்தபோது அவர்கள் கையில் ஆயத்தமான பாட்டு எதுவும் இருக்கவில்லை. ஆளுக்கு ஒரு தடத்தில், மற்றவர் வாசித்ததைக் கேளாமலே, தோன்றியதை வாசித்துப் பார்ப்பது என்ற சோதனையும் நடந்தது. அதிற் பயன் கிட்டவில்லை. சேர்ந்த துண்டுகளுக்கு ‘ஒன்றுமில்லை’ என்று பெயரிட்டு ஒன்று முதல் இருபத்து நான்கு வரை இலக்கமிட்டனர். அத்துண்டுகளைப் பொருத்திப் பிறந்ததற்கு ‘ஒன்றுமில்லையின் மகன் திரும்பி வந்தான்’ என்ற கருத்தில் ஒரு வேடிக்கைத் தலைப்பு. ஏப்ரல் 22ஆந் திகதி நோர்விச் நகரில் அத்தலைப்புடனேயே முதன்முறையாக மேடையில் வாசித்தனர். அபி றோட்டில் அக்காலத்து எட்டுத் தடப் பதிவுக் கருவியே இருந்தமையால், பதினாறு தடக் கருவி வைத்திருந்த வேறு நிலையங்களுக்கும் வேலையைக் கொண்டுசென்றனர். மயங்கிக் கிடந்தோர் செய்யக்கூடிய காரியமாக இது எமக்குத் தோன்றவில்லை. மாதக்கணக்கில் நாடாவை வெட்டி ஒட்டிய தொழிலே இதிற் பெரும்பங்கு. பீற்றர் பௌன், ஜோன் லெக்கி முதலிய ஒலிப்பதிவாளரின் உழைப்பும் அதில் அடங்கும்.

அத்துண்டுகளுள் ஒன்று வெறும் ஒற்றைச் சுரம். றைற் பியானோவின் மேற்கட்டையொன்றை அழுத்தினார். அவ்வொலி ‘லெஸ்லி’ என்னும் சுழலும் ஒலிபெருக்கியினூடாகச் சென்றபோது நீரில் விழுந்த துளிபோல நடுங்கி ஒலித்தது. ஆழ்கடலில் நீர்மூழ்கிக் கப்பல் வழி தேட அனுப்பும் ஒலியை அது ஒக்கும். பின்னர் அதே சுரத்தைத் திருத்தமாக மீண்டும் பதிய முயன்றனர். முதல்நாளின் நடுக்கம் வரவில்லை. ஆகவே சோதனைக்காகப் பதிந்த பழைய நாடாவையே பாட்டின் தொடக்கத்தில் ஒட்டிவிட்டனர். நாம் இன்று கேட்கும் முதல் ஒலி அதுவே. பறவையின் அலறல்போல நடுவில் வரும் ஓசையும் இத்தகையதே. கில்மோரின் கிற்றாருக்கும் அதன் கால்மிதிக் கருவிக்கும் இடையிலான இணைப்பு ஒருமுறை தவறுதலாக மாறிச் செருகப்பட்டது, கருவி கதறிற்று. பிழையைத் திருத்துவதற்குப் பதிலாக அதைப் பழகி வசப்படுத்திக்கொண்டார். காற்றின் இரைச்சலை எழுப்பியவர் வோட்டர்ஸ். பேஸ் கிற்றாரின் தந்தியில் உலோகத்தைத் தேய்த்து, அவ்வொலியை ஓர் இத்தாலிய எதிரொலிக் கருவியின் வழியே செலுத்தினார். காகக் கூட்டத்தின் கரைதல் ஈ.எம்.ஐ. ஒலிக் களஞ்சியத்திலிருந்து எடுத்தது.

இப்போது அந்த விசித்திரமான சொற்களுக்கு வருவோம். முதலில் எழுதப்பட்ட சொற்கள் விண்வெளியில் இரு கோள்கள் சந்திப்பதைப் பற்றியவை. ‘இவர்கள் விண்வெளிப் பாடகர்’ என்று பத்திரிகைகள் சூட்டிய பட்டம் சலித்துப்போக, வோட்டர்ஸ் விண்ணை விட்டுக் கடலுக்குள் இறங்கினார். சந்திப்பு என்ற கருமட்டும் மாறவில்லை. வானில் நிற்கும் பறவை அல்பற்றோஸ். கோல்றிட்ஜ் 1798இல் வெளியிட்ட முதிய மாலுமியின் கதைப்பாட்டைப் படித்தவர் எவரும் அப்பறவையை மறவார். காரணமின்றி அதைக் கொன்ற மாலுமி, கடலின் பிராணிகளை அறியாமலே வாழ்த்தும்வரை சாபம் நீங்காது தவித்தான். வோட்டர்ஸ் அதை மனத்திற் கொண்டு எழுதினாரா என்று நாம் வாதாடப் போவதில்லை. ஆனால் ஆங்கிலம் கற்ற ஒருவரின் காதில் அப்பறவையின் பெயர் விழும்போதே, பிற உயிரை உயிரென்று அறியத் தவறியவனின் துயரமும் கூடவே விழுகிறது.

முதற்பகுதி உயிர்கள் தோன்றிய இருண்ட கடலைக் காட்டுகிறது. அங்கு எதற்கும் வழி தெரியாது, ஆயினும் ஏதோ ஒன்று அசைந்து ஒளியை நோக்கி எழுகிறது. இரண்டாம் பகுதியில் திடீரென ஒரு நகரத் தெரு. இரு அந்நியர் கடந்து செல்கின்றனர். பார்வைகள் தற்செயலாக முட்டுகின்றன. எதிரே வருபவனிடத்தில் ஒருவன் தன்னையே காண்கிறான். கையைப் பற்றி நடத்திச் செல்லலாமா என்ற வினா எழுகிறது. கடலிலிருந்து தெருவுக்கு என்ன பாலம் என்று தாளை வாசித்தபோது எமக்கு விளங்கவில்லை. பாட்டைக் கேட்டபோது பாலம் தேடவேண்டிய தேவையே இருக்கவில்லை. இரண்டுக்கும் மெட்டு ஒன்றே. அந்த மெட்டைக் கில்மோரும் றைற்றும் இருவராகச் சேர்ந்து பாடுகின்றனர். எது யாருடைய குரல் என்று பிரித்தறிவது கடினம். இரு அந்நியர் ஒருவரில் ஒருவர் தம்மைக் காண்பதைச் சொல்லும் வரிகள் இவ்வாறு இரு குரல் ஒன்றாய்க் கலந்து வரும்போது, சொல்லாமல் விட்டதைக் குரல்கள் செய்துகாட்டிவிடுகின்றன. இதை எந்தத் தாளில் எழுதி எம்மிடம் நீட்டமுடியும்? மனிதர் ஒருவரையொருவர் மனிதராக இனங்கண்டுகொள்ளும் ஆற்றலைப் பற்றியே தாம் எழுத முனைந்ததாக வோட்டர்ஸ் பிற்காலத்திற் கூறியுள்ளார். 1973இல் வெளியாகி உலகெங்கும் விற்பனையான இவர்களது அடுத்த பெரும் படைப்பின் வித்தும் அதுவே.

குறைகளையும் கூறவேண்டும். மூன்றாம் பகுதியின் சொற்கள் தளர்ந்தவை, அலங்காரமே மிகுதி. பாடல் நின்றபின் ஏழாம் நிமிடமளவில் தொடங்கும் நடைமெட்டு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அளவுக்கு மேல் நீள்கிறது. எனினும் பதினோராம் நிமிடமளவில் மேளமும் பேஸ் கிற்றாரும் அடங்கி, காற்றும் அலறலும் காகக் கரைதலும் மாத்திரம் எஞ்சும் பகுதியை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம். முதன்முறை அதைக் கேட்டபோது நிறுத்திவிட எண்ணினோம். மனிதக் குரலும் தாளமும் அற்ற அந்த வெளியில் நான்கு நிமிடம் இருப்பது இலகுவன்று. கைவிடப்பட்ட ஒரு கடற்கரையில் தனியே நிற்பதுபோன்ற அச்சம் தோன்றுகிறது. அப்போதுதான் எங்கோ மிகத் தொலைவில் அந்த ஒற்றைச் சுரம் மீண்டும் கேட்கிறது. ஒன்று; சிறிது பொறுத்து இன்னொன்று. அதைச் சுற்றி ஓர்கன் எழுகிறது, மேளம் சேர்கிறது, கிற்றார் விட்டுவிட்டு ஒலிக்கிறது. பின்னர் இரு குரல்களும் திரும்பி வருகின்றன. தொடக்கத்தில் வெறும் ஒலியாயிருந்த சுரம், இருபது நிமிடம் கழித்து ஒருவர் மற்றவரை அழைக்கும் அழைப்பாகிவிடுகிறது. இம்மாற்றத்துக்கு இருபது நிமிடம் வேண்டும். மூன்று நிமிடத்தில் இதைச் செய்ய இயலாது என்பதே நீளத்துக்குரிய நியாயம்.

எம்மைப் போன்றோர் எழுப்பக்கூடிய ஒரு வினாவை இங்கு மறைத்தல் முறையாகாது. 1971இல் பிரித்தானியாவில் நிகழ்ந்தது என்ன? கன்சவேற்றிவ் அரசாங்கம் தொழிற்சங்கங்களைக் கட்டுப்படுத்தும் தொழிலுறவுச் சட்டத்தை நிறைவேற்றிற்று. வேலையற்றோர் தொகை பத்து இலட்சத்தை நெருங்கிற்று. யூலை மாத இறுதியில், கிளாஸ்கோவின் கிளைட் நதிக்கரையிற் கப்பற்றளங்களை மூடும் திட்டத்துக்கு எதிராகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்யாமல் வேலையைத் தம் பொறுப்பில் எடுத்து நடத்தினர். ஜிம்மி றீட் முதலானோர் தலைமை தாங்கினர். அடுத்த ஆண்டு அரசாங்கம் இறங்கிவந்தது. அப்போராட்டத்துக்கு இசைக்கலைஞர் ஜோன் லெனன் பணம் அனுப்பினார். ‘லெனனிடமிருந்து’ என்று அறிவிக்கப்பட்டபோது, வயோதிபத் தோழர் ஒருவர் ‘லெனின்தான் இறந்துவிட்டாரே’ என்று கூறியதாக ஒரு கதையும் வழங்கிவருகிறது. இவ்வளவும் நடந்த மாதங்களில், தெற்கே இலண்டனில் நான்கு இளைஞர் ஒரு காற்றின் ஒலியைச் செம்மைப்படுத்திக்கொண்டிருந்தனர். ‘மெடில்’ தட்டிற் கிளைட்டின் ஓசை கேட்பதில்லை.

இது குற்றச்சாட்டா? சில ஆண்டுகளுக்கு முன்னராயின் நாம் ஆம் என்றே எழுதியிருப்போம். இன்று அவ்வளவு விரைவாகச் சொல்லமுடியவில்லை. அந்நியனைத் தன்னவனாக அறிவது என்ற பொருள் கிளைட்டின் கரைக்குப் புறம்பானதன்று. தொழிற்சங்கம் என்பதே அதிலிருந்து தொடங்குவது. அதே வேளை, அப்பொருளைக் கடலடிக் குகையில் வைத்துப் பாடுவதற்கும் தொழிற்றளத்தின் வாயிலில் நின்று பாடுவதற்கும் வேறுபாடு இல்லை என்றும் நாம் சொல்லமாட்டோம். அவ்வேறுபாடு இப்பாட்டின் எல்லையைக் காட்டுகிறது. எல்லை உண்டு என்பதற்காக எல்லைக்குள் இருப்பதை இல்லையென்று சொல்லக்கூடாது. எமது பிழை அதுவாகவே இருந்தது.

இங்கு ஒரு சிறு நிகழ்ச்சியையும் சொல்லிவிடலாம். 1971 மே மாதத்தில் இலண்டன் கிறிஸ்டல் பலஸ் பூங்காவில் இப்பாட்டு வாசிக்கப்பட்டது. மேடைக்கு முன் ஒரு குளம். காற்றடைத்த மாபெரும் சிலந்திமீன் பொம்மையொன்றை அதிலிருந்து எழுப்பினர், வாணங்களும் வெடித்தன. நிகழ்ச்சி முடிந்தபின் குளத்து மீன்கள் சில செத்து மிதந்தன என்பது பதிவு. கடலின் உயிர்களைப் பற்றிப் பாடும் பாட்டுக்கு நேர்ந்த இந்த முரணை அல்பற்றோஸைக் கொன்ற மாலுமி அறிந்திருப்பான்.

அதே ஆண்டு ஒக்ரோபர் தொடக்கத்தில் அட்றியன் மேபன் என்னும் இயக்குநர் இக்குழுவை இத்தாலியின் பொம்பெயி நகருக்கு அழைத்துச் சென்று படமெடுத்தார். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலையின் சாம்பலிற் புதைந்த நகரம் அது. அங்குள்ள வட்டரங்கு ஏறக்குறைய கி.மு. 70இற் கட்டப்பட்டது. இரசிகர் கூட்டம் இல்லை. படப்பிடிப்பாளரும், வேடிக்கை பார்க்கப் புகுந்த சில சிறுவருமே இருந்தனர். வெயிலில், வெற்றுப் படிகளை நோக்கி, நால்வரும் ‘எக்கோஸ்’ வாசிக்கின்றனர். படம் இப்பாட்டின் ஒரு பாதியுடன் தொடங்கி மறுபாதியுடன் முடிகிறது. அந்த அரங்குக்கு இன்னொரு வரலாறும் உண்டு. கி.பி. 59இல், மல்லர் போர் நடந்த ஒரு நாளில், பொம்பெயி மக்களுக்கும் அயலூராகிய நுசீரியாவின் மக்களுக்கும் இடையில் வாய்ப்பேச்சாகத் தொடங்கியது கல்லெறியாகி வாள்வீச்சாயிற்று. விருந்தினராக வந்த நுசீரியர் பலர் கொல்லப்பட்டனர். உரோம ஆட்சிமன்றம் அங்கு பத்தாண்டுகளுக்குப் போட்டிகளைத் தடைசெய்தது. வரலாற்றாசிரியர் தசிற்றஸ் இதை எழுதிவைத்துள்ளார். அயலவன் அயலவனைக் கொன்ற அதே மணலில் நின்று, அந்நியனிடத்தில் தன்னைக் காணும் வரிகளைப் பாடினோர் இதை அறிந்திருந்தனரோ இல்லையோ, அறிந்த பின்னர் அப்படத்தை நாம் வேறாகவே பார்க்கிறோம்.

பாடியோர் தாம் பாடியதைப் பின்பற்றினரா என்றால், இல்லை. 1979இல் வோட்டர்ஸின் வற்புறுத்தலால் றைற் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டார். அடுத்து நடந்த மேடை நிகழ்ச்சிகளிற் சம்பளத்துக்கு வாசித்தார். (அந்நிகழ்ச்சிகள் நட்டத்தில் முடிந்தமையால், பங்காளராக இருந்த மூவரும் இழக்க, சம்பளக்காரராகிய றைற் ஒருவரே பணம் கண்டார் என்பது வேறு கதை.) 1985இல் வோட்டர்ஸ் தாமே விலகினார், குழுவின் பெயர் யாருக்கு உரியது என்ற வழக்கு எழுந்து 1987 இறுதியில் இணக்கத்துடன் முடிந்தது. நால்வரும் மீண்டும் ஒரே மேடையில் நின்றது 2005 யூலையில் இலண்டன் ஹைட் பூங்காவில் ஒரேயொரு நாள். அன்று வாசித்தவற்றுள் ‘எக்கோஸ்’ இல்லை.

2006 ஓகஸ்ட் 26ஆந் திகதி கில்மோர் தம் சொந்தக் குழுவுடன் போலந்தின் க்டான்ஸ்க் கப்பற்றளத்தில் வாசித்தார். பழைய பெயர் லெனின் கப்பற்றளம். 1980 ஓகஸ்டில் அங்கு எழுந்த வேலைநிறுத்தத்திலேயே ‘சொலிடாறிற்றி’ தொழிற்சங்கம் பிறந்தது. அதன் நினைவாகவே நிகழ்ச்சி ஏற்பாடாயிற்று. தொழிலாளர் அரசு என்று தன்னை அழைத்துக்கொண்ட ஓர் அரசுக்கு எதிராகத் தொழிலாளர் எழுந்த இடம் என்பதால், இடதுசாரிகளாகிய நாம் அந்தப் பெயரை இன்றும் சற்றுத் தயங்கியே உச்சரிக்கிறோம். அன்று அங்கு ‘எக்கோஸ்’ முழுமையாக வாசிக்கப்பட்டது. ஓர்கனில் றைற். இருவரும் முதியவராகிவிட்டனர்; குரல்களில் நரை தெரிகிறது; ஆயினும் எது யாருடையது என்று பிரித்தறிவது அப்போதும் கடினமாகவே இருந்தது. 1971இற் கிளைட்டின் கரைக்குப் போகாத பாட்டு, முப்பத்தைந்து ஆண்டுகளின் பின் வேறொரு கடற்கரையில் ஒரு கப்பற்றளத்துக்கு வந்து சேர்ந்தது.

றைற் 2008 செப்ரெம்பர் 15ஆந் திகதி புற்றுநோயாற் காலமானார். க்டான்ஸ்க் ஒலிப்பதிவு அதற்கு ஒரு வாரத்தின் பின் வெளிவந்தது. மேளக்காரர் மேசன் அண்மைக் காலத்தில், 2022ஆம் ஆண்டு தொட்டு, தம் புதிய குழுவுடன் இப்பாட்டை மேடையில் வாசித்திருக்கிறார். கில்மோரோ அதைத் தொடவில்லை. 2016 யூலையில் பொம்பெயி வட்டரங்குக்குத் திரும்பி, இம்முறை இரசிகர் முன்னிலையில் இரண்டு இரவுகள் பாடினார். அந்த அரங்கிற் பலரும் எதிர்பார்த்தது இந்த ஒரு பாட்டையே. றைற் இல்லாமல் அதை வாசிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.